சவுண்டு புரோகிராமர் என்ற தொழில்: ஹிரோகாசு தனாகாவை முன்வைத்து

கேள்வி: பழைய வீடியோ கேம்களின் முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலில் ‘சவுண்டு புரோகிராமர்’ என்று ஒருவர் வருகிறார். இசையமைப்பாளரும் அவரும் ஒருவரா? அவர் உண்மையில் என்ன வேலை செய்தார்? அந்தத் தொழிலுக்கு எங்கிருந்து வந்தார்கள், பிறகு என்ன ஆனார்கள்?

பதில்:

1980களில் பல நிறுவனங்களில் இரண்டு வேலையையும் ஒரே ஆள்தான் பார்த்தார். ஆள்பலம் உள்ள நிறுவனங்களில் வேலை இரண்டாகப் பிரிந்தது. ஒருவர் மெட்டுப் போடுவார், இன்னொருவர் அந்த மெட்டை இயந்திரம் வாசிக்கும்படி நிரல் எழுதுவார். இன்று ரசிகர்கள் நினைவில் வைத்திருப்பது மெட்டுப் போட்டவர்களை. அதில் தவறில்லை. ஆனால் அந்தக் காலத்து கேம் இசை ஏன் அப்படி ஒலித்தது, எந்த இடத்தில் எது கேட்க வேண்டும், எது அடங்க வேண்டும் என்பதெல்லாம் நிரல் எழுதியவர் கையில்தான் இருந்தது. அவருக்குரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை என்பது என் உறுதியான கருத்து. அதனால் பதில் சற்று நீளமாகவே இருக்கும்.

இந்தத் தொழிலின் முழுப் பாதையையும் ஒரே ஆளின் வாழ்க்கையில் பார்க்க வேண்டுமானால் ஹிரோகாசு தனாகாவைத்தான் காட்டுவேன். 1957-ல் கியோட்டோவில் பிறந்தவர். மின்னணுவியல் படித்தவர், ஓய்வு நேரமெல்லாம் இசைக்குழுக்களோடு கழித்தவர். 1980-ல் நிண்டெண்டோவில் ஒலிப் பொறியாளராகச் சேர்ந்தார். அப்போது ‘கேம் இசையமைப்பாளர்’ என்றொரு பதவியே அங்கே கிடையாது. இசைக்கென்றே நிண்டெண்டோ வேலைக்கு எடுத்த முதல் ஆள் கோஜி கொண்டோ. அவர் வந்தது 1984-ல். அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகள் ஒலி என்பது முழுக்க முழுக்க பொறியாளர்களின் காரியம்.

அந்த நான்கு ஆண்டுகளைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். காசு போட்டு ஆடும் ஆர்கேட் இயந்திரங்களின் காலம் அது. 1978-ல் வந்த டைட்டோவின் ஸ்பேஸ் இன்வேடர்ஸில் இசை என்று பார்த்தால் இறங்கிக்கொண்டே போகும் நான்கு ஸ்வரங்கள் மட்டுமே. எதிரிகள் நெருங்க நெருங்க அந்த நான்கும் வேகமெடுக்கும். ஆடுபவரின் கை வியர்க்க அதுவே போதுமானதாக இருந்தது. இப்படிப்பட்ட இயந்திரங்களில் ஒலி வேண்டுமென்றால் அதற்குத் தனியாக மின்சுற்று கட்டினார்கள். டிரான்சிஸ்டர், மின்தேக்கி, மின்தடை எல்லாம் சேர்த்துப் பற்றவைத்து, வெடிச்சத்தத்துக்கு ஒரு சுற்று, குதிக்கும் சத்தத்துக்கு ஒரு சுற்று. மின்தடையை மாற்றினால் சுருதி மாறும், மின்தேக்கியை மாற்றினால் ஒலி அடங்கும் நேரம் மாறும். தனாகா தொழிலைக் கற்றுக்கொண்டது இந்தப் பட்டறையில்தான். ஸ்பேஸ் ஃபயர்பேர்டு, ரேடார் ஸ்கோப், 1981-ல் வந்த டாங்கி காங் ஆகியவற்றின் ஒலிகளில் அவர் பங்கு உண்டு. டாங்கி காங்கில் நாயகன் நடக்கும் ஒலியும் குதிக்கும் ஒலியும் மின்சுற்றில் பிறந்தவை. அந்த இயந்திரத்தின் ஒலியை இன்று கணினியில் அப்படியே எழுப்ப நினைப்பவர்கள் அந்தச் சுற்றுகளைச் சமன்பாடுகளாக்கிக் கணக்கிட வேண்டியிருக்கிறது.

1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் ஃபேமிகாம் விற்பனைக்கு வந்தது. வெளிநாடுகளில் என்இஎஸ் என்று அறியப்பட்ட கன்சோல் இதுதான். வன்பொருளுக்குத் தலைமை தாங்கியவர் மசாயுகி உவேமுரா. ஒலிப் பகுதியின் உருவாக்கத்தில் தனாகாவும் பங்கேற்றார். சவுண்டு புரோகிராமர் என்ற தொழில் பிறந்தது இந்த மாற்றத்தில்தான் என்று சொல்லலாம். அதுவரை ஒவ்வொரு கேமுக்கும் ஒரு சுற்று. இப்போது எல்லா கேம்களுக்கும் ஒரே சிப். சுற்றை மாற்ற முடியாது, அதற்கு அனுப்பும் எண்களை மட்டும்தான் மாற்ற முடியும். பற்றவைக்கும் கோலை வைத்துவிட்டுப் பொறியாளர், செயலிக்கு நேரடியாகக் கட்டளை எழுதும் அசெம்பிளி மொழிக்கு வந்தார்.

ரிக்கோ நிறுவனம் தயாரித்த 2ஏ03 என்ற அந்த சிப்பில் மையச் செயலியும் ஒலிப் பகுதியும் ஒன்றாகவே இருந்தன. ஒலிக்கு ஐந்து சேனல்கள், அதாவது ஒரே நேரத்தில் தனித்தனியாக ஒலிக்கும் ஐந்து குரல்கள். இரண்டு பல்ஸ் (செவ்வக அலை), ஒரு முக்கோண அலை, ஒரு இரைச்சல், பதிவுசெய்த ஒலித் துணுக்குகளுக்கு ஒன்று. பல்ஸ் சேனலில் அலையின் அகலத்தை நான்கு விதமாக வைக்கலாம். 12.5 சதவீதத்தில் ஒலி மெலிந்து மூக்கால் பாடுவதுபோல இருக்கும், 50 சதவீதத்தில் திரண்டு உருண்டையாக இருக்கும். ஒலி அளவுக்கு 0 முதல் 15 வரை பதினாறு படிகள். முக்கோண அலைக்கு அந்தப் படிகளும் கிடையாது. ஒலிக்கும் அல்லது ஒலிக்காது, அவ்வளவே. அதனால் பெரும்பாலான கேம்களில் முக்கோணம் அடிநாதத்துக்குப் போனது. சிலர் அதன் சுருதியை நொடியில் சிறு பங்குக்குள் சரசரவென்று கீழே இறக்கி முரசு அடியாகவும் பயன்படுத்தினார்கள். இரைச்சல் சேனல் தாளத்துக்கும் வெடிச்சத்தத்துக்கும்.

இந்த சிப்புக்கு ‘ச’, ‘ரி’ எதுவும் தெரியாது. பல்ஸ் சேனலில் 440 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால், செயலியின் வேகமான 17,89,773-ஐ 16-ஆல் வகுத்து, வந்ததை 440-ஆல் வகுத்து, ஒன்றைக் கழிக்க வேண்டும். கிடைப்பது 253. அந்த எண்ணை ரெஜிஸ்டரில், அதாவது சிப் எண்களை வாங்கிக்கொள்ளும் சிறு அறையில், எழுதினால் ஸ்வரம் பிறக்கும். அதே எண்ணை முக்கோண சேனலுக்குக் கொடுத்தால் ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். முழு எண்கள் மட்டும்தான் செல்லும் என்பதால், மேல் ஸ்தாயிக்குப் போகப் போக ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவே சுருதி இடைவெளி அகன்றுகொண்டே போகும். சரியான சுருதி இரண்டு எண்களுக்கு இடையில் சிக்கிக்கொள்ளும். ஆகவே ஒவ்வொரு சவுண்டு புரோகிராமரும் முதலில் செய்த வேலை, தன் கையால் ஒரு சுருதி அட்டவணை போட்டுக்கொண்டதுதான்.

அடுத்தது டிரைவர். இந்தச் சொல்லை இந்தத் துறையில் இருப்பவர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். மெட்டு ஒரு பக்கம் எண்வரிசையாக மெமரியில் கிடக்கும். அதை எடுத்து, எந்த ஸ்வரம், எவ்வளவு நேரம், எந்த அலை அகலம், ஒலி எப்படி ஏறி எப்படி அடங்க வேண்டும் என்று படித்துச் சொல்லி சிப்பை இயக்குகிற நிரல்தான் டிரைவர். திரையில் வரையும் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு முறை, நொடிக்கு 60 முறை இது ஓடியாக வேண்டும். ஒரு படத்துக்குச் செயலியிடம் இருப்பது சுமார் 29,780 சுழற்சிகள். எதிரிகளின் நடமாட்டம், மோதல் கணக்கு, திரை நகர்வு எல்லாம் அதற்குள் நடக்க வேண்டும். ஒலிக்கு அதில் ஒரு சிறு பங்குதான். டிரைவர் நேரம் எடுத்துக்கொண்டால் கேம் திணறும். திணறினால் கேம் புரோகிராமர் வந்து சண்டை போடுவார்.

நொடிக்கு 60 என்ற இந்தக் கணக்கு இசையின் லயத்தையே கட்டிப்போட்டது. ஒரு தட்டின் நான்கில் ஒரு பங்குக்கு 6 படங்கள் என்று வைத்தால் நிமிடத்துக்கு 150 தட்டுகள் வரும். 7 என்று வைத்தால் 128-க்குச் சற்று மேல். 5 என்றால் 180. நடுவில் 140 வேண்டும் என்று இசையமைப்பாளர் கேட்டால், எளிய டிரைவரில் இடமே கிடையாது. கெட்டிக்காரர்கள் ஒரு ஸ்வரத்துக்கு 6, அடுத்ததற்கு 7 என்று மாற்றி மாற்றி வைத்துச் சமாளித்தார்கள். அந்தக் காலத்து கேம் இசையில் பல துண்டுகள் ஒரே வேகத்தில் ஓடுவதுபோல உங்களுக்குத் தோன்றியிருந்தால், காரணம் இதுதான்.

இந்த இடத்தில் நம்மூர் பக்கம் ஒரு விஷயம். 1990களில் இங்கே ‘டிவி கேம்’ என்று வாங்கி ஆடிய பெட்டிகளில் பல ஃபேமிகாமின் நகல்கள். நம் தொலைக்காட்சி ஒளிபரப்பு பால் (PAL) என்ற முறை, நொடிக்கு 50 படம். அதற்காகச் செய்யப்பட்ட நகல் பெட்டிகளில் செயலியின் வேகம் கிட்டத்தட்ட மூலத்தை ஒட்டியே இருந்ததால் சுருதி பெரிதாக மாறவில்லை. ஆனால் டிரைவர் நொடிக்கு 50 முறைதான் ஓடியது. 150 தட்டுகளில் எழுதிய இசை 125-ல் வந்தது. போதாததற்கு, நகல் சிப்கள் பலவற்றில் பல்ஸ் அலையின் 25, 50 சதவீத அமைப்புகள் இடம் மாறியிருந்தன. ஆக, நம்மில் பலர் காதில் ஏறிய மரியோ இசை, ஜப்பானில் எழுதியவர் நினைத்ததைவிட மெதுவானது, குரலும் வேறு. மூலத்தை முதன்முதலில் கேட்கும்போது ‘இது ஏன் இப்படி ஓடுகிறது’ என்று தோன்றினால் உங்கள் நினைவில் பிழை இல்லை.

இனி, இந்தத் தொழிலின் மையம் என்று நான் நினைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். இசைக்கும் ஒலி விளைவுகளுக்கும் தனித்தனிச் சேனல்கள் கிடையாது. ஒரே ஐந்தை இரண்டும் பங்கிட வேண்டும். சூப்பர் மரியோ பிரதர்ஸில் மரியோ குதிக்கும்போது அந்த ஒலி ஒரு பல்ஸ் சேனலைப் பிடுங்கிக்கொள்கிறது. அந்தச் சேனலில் ஓடிக்கொண்டிருந்த இசைப் பகுதி அந்த நேரம் கேட்காது. பின்னணியில் டிரைவர் அதை எண்ணிக்கொண்டே போய், குதிப்பு முடிந்ததும் சரியான இடத்தில் மறுபடி சேர்த்துவிடும். பெரும்பாலோர் இதைக் கவனித்ததே இல்லை. கவனிக்காதபடி செய்ததுதான் வேலையின் வெற்றி. எந்த ஒலிக்கு முன்னுரிமை, இரண்டு விளைவுகள் ஒரே நேரத்தில் வந்தால் எதை விடுவது, மெட்டின் எந்த இழை போனால் காது பொறுத்துக்கொள்ளும் என்பதெல்லாம் சவுண்டு புரோகிராமரின் தீர்ப்பு. ‘வசதி குறைவாக இருந்தும் சாதித்தார்கள்’ என்று பொதுவாகப் புகழ்வார்கள். அந்தப் புகழ்ச்சி எனக்குப் போதவில்லை. எதை ஒலிக்க விடுவது என்று முடிவெடுப்பதற்குச் சமமாக எதை அடக்குவது என்று முடிவெடுப்பதும் இசையறிவுதான். அந்த அறிவை இவர்கள் தினமும் நிரலில் எழுதினார்கள்.

சிப்பின் குணக்கேடுகளையும் பழகிக்கொள்ள வேண்டியிருந்தது. பல்ஸ் சேனலின் சுருதி எண் 11 பிட் நீளம். எட்டு பிட் ஒரு ரெஜிஸ்டரிலும் மிச்சம் மூன்று இன்னொன்றிலும் போகும். இரண்டாவதில் எழுதியவுடன் அலை முதலிலிருந்து தொடங்கும், காதில் ‘டிக்’ என்று ஒரு சத்தம் விழும். ஸ்வரத்தை லேசாக அசைக்க நினைக்கும்போது எண் இந்த எல்லையைத் தாண்டித் தாண்டி வந்தால் டிக் டிக் என்று கெடுத்துவிடும். அதனால் மேல் எண் மாறாதவரை அந்த ரெஜிஸ்டரைத் தொடாதே என்பது டிரைவர் எழுதியவர்களின் பாலபாடம். ஐந்தாவது சேனலில் இன்னொரு வம்பு. அது மெமரியிலிருந்து ஒலித் துணுக்கை எடுக்கும் அதே கணத்தில் நிரல் கன்ட்ரோலரைப் படித்தால், பொத்தான் தகவலில் ஒரு பிட் தவறிவிடும். முரசு ஒலித்த நேரத்தில் நாயகன் தானாக நகர்ந்தால் ஆடுபவர் கன்ட்ரோலரைத்தான் திட்டுவார். இதற்காகக் கன்ட்ரோலரை இரண்டு முறை படித்து, விடை ஒத்துப்போகும்வரை விடாமல் சரிபார்க்கும் வழக்கம் வந்தது.

அந்தத் துணுக்குச் சேனலுக்கு மெமரியும் தீனி. மிக உயர்ந்த தரத்தில் ஒரு நொடிக்குச் சுமார் 4 கிலோபைட். சூப்பர் மரியோ பிரதர்ஸ் மொத்த கேமுமே 40 கிலோபைட். அந்த 40 கிலோபைட்டை இசைக் குறுந்தகடு கால் நொடிக்குள் தின்று தீர்த்துவிடும். இந்த இடத்தில் சன்சாஃப்ட் நிறுவனத்தின் ஆட்களைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1980களின் முடிவில், எல்லோரும் துணுக்குச் சேனலை முரசுக்கு வைத்துக்கொண்டிருந்தபோது, அவர்கள் பேஸ் கிடாரின் துணுக்குகளைப் போட்டு அடிநாதத்தையே அந்தச் சேனலில் ஓட்டினார்கள். நவோகி கொடாகா போட்ட மெட்டுகளுக்கு அந்தக் கனமான அடிநாதம் சேர்ந்தபோது அதே ஃபேமிகாம் வேறொரு இயந்திரம்போல ஒலித்தது.

தனாகாவிடம் திரும்புவோம். பலூன் ஃபைட், ரெக்கிங் க்ரூ போன்றவற்றில் அவர் ரெகே இசையின் தாக்கத்தோடு வேலை செய்தார். டப் வகை இசையில் அவருக்கு ஆழ்ந்த பிரியம். பாட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, முரசையும் அடிநாதத்தையும் வெட்டவெளியில் நிறுத்துவதுதான் டப். ஐந்து சேனல் இயந்திரத்துக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சி வேறென்ன இருக்க முடியும்?

அந்தப் பயிற்சியின் உச்சம் 1986 ஆகஸ்டில் ஜப்பானில் வந்த மெட்ராய்டு. அந்த ஆண்டு பிப்ரவரியில் ஃபேமிகாமுக்கு டிஸ்க் சிஸ்டம் என்ற துணைக்கருவி வந்திருந்தது. அதில் கூடுதலாக ஒரு ஒலிச் சேனலும் இருந்தது. அலை வடிவத்தை 64 புள்ளிகளில் நாமே வரைந்து கொடுக்கலாம். அப்போது கேம் இசை என்றாலே துள்ளலான, முணுமுணுக்க வைக்கும் மெட்டு என்று ஆகிவிட்டிருந்தது, நிறுவனங்கள் அதில் போட்டி போட்டன. ஒலி கேமின் உணர்வோடு ஒட்டாமல் போகிறது என்பது தனாகாவின் மனக்குறை. ஏதோ ஓர் உயிர்ப்பொருளை எதிர்கொள்வதுபோல ஆடுபவருக்கு இருக்க வேண்டும், இசை எது ஒலி விளைவு எது என்று பிரித்தறிய முடியாதிருக்க வேண்டும் என்று அவர் நினைத்ததாகப் பின்னாளில் பேட்டியில் சொன்னார். அதன்படியே சில பகுதிகளில் மெட்டு என்று பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. துடிப்பும் இடைவெளியும்தான். கடைசி எதிரியை வீழ்த்திய பிறகுதான் நிறைவான மெட்டு வருகிறது. அந்த விடுதலையை மிச்சம் வைப்பதற்காகவே அதுவரை பிடித்துவைத்திருந்தார். டிரைவரைத் தானே கட்டுப்படுத்துகிற ஒருவருக்குத்தான் இப்படி யோசிக்க வந்திருக்கும் என்று நம்புகிறேன். தாளில் ஸ்வரம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறவருக்கு இசைக்கும் விளைவுக்கும் நடுவில் உள்ள சுவர் இயல்பானது. இரண்டையும் ஒரே சேனலில் தினமும் பிசைகிறவருக்கு அந்தச் சுவர் கண்ணில் படுவதே இல்லை.

வெளிநாட்டுக்கு மெட்ராய்டு, டிஸ்க் சிஸ்டம் இல்லாமல், கன்சோலில் செருகும் கார்ட்ரிட்ஜில் போனபோது அந்தக் கூடுதல் சேனல் இல்லை. அதில் இருந்ததை மற்ற சேனல்களுக்கு மாற்ற வேண்டியிருந்தது. இரண்டு வடிவங்களையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள்.

மற்ற நிறுவனங்களில் வேலை பிரிந்தே நடந்தது. காப்காமின் முதல் ராக்மேனுக்கு, அதாவது வெளிநாட்டில் மெகா மேனுக்கு, 1987-ல் மெட்டுப் போட்டவர் மனாமி மட்சுமாயே. நிரல் பக்கம் யோஷிஹிரோ சகாகுச்சி. ஆனால் கேமின் பட்டியலில் அந்தப் பெயரைத் தேடினால் கிடைக்காது. ‘யூகிச்சானின் அப்பா’ என்றுதான் இருக்கும். ஜப்பானிய நிறுவனங்களில் பலர் புனைபெயரில்தான் வந்தார்கள். தனாகாவே ‘ஹிப் தனாகா’ என்றுதான் போட்டுக்கொண்டார். வாழ்நாள் உழைப்பு இருந்தும் பலரின் உண்மைப் பெயர் நெடுநாள் வெளியே தெரியாமல் போனதற்கு இந்த வழக்கம் ஒரு காரணம். கோனாமியில் ஹிதெனோரி மாயெசாவா. அங்கே சிப்பின் எல்லைக்குள் நிற்க மனமில்லாமல், கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே கூடுதல் ஒலிச் சேனல்கள் உள்ள விஆர்சி6 சிப்பை வைத்தார்கள். இரண்டு பல்ஸ், ஒரு ரம்ப அலை. 1989-ல் வந்த மூன்றாவது காசில்வேனியாவின் ஜப்பானிய வடிவம் அதில் ஓடியது. நாம்கோவில் ஜுன்கோ ஒசாவா. ஆர்கேட் இயந்திரங்களுக்கு அலை வடிவங்களைத் தானே புள்ளி புள்ளியாக உருவாக்கி, அவற்றை வைத்து இசையமைத்தார்.

இங்கிலாந்தின் கதை வேறு. டேவிட் வைஸ் ஓர் இசைக்கருவிக் கடையில் யமஹாவின் இசைக் கணினி ஒன்றை வாடிக்கையாளர்களுக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டிருந்த இருவர் அவருக்கு வேலை தந்தார்கள். ரேர் நிறுவனத்தின் ஸ்டாம்பர் சகோதரர்கள் அவர்கள். 1985-ல் தொடங்கிய அந்த வேலையில், ஸ்வரத்தின் சுருதிக்கு ஒரு எண், நீளத்துக்கு ஒரு எண் என்று பதினாறடிமான எண்களாக விசைப்பலகையில் தட்டித் தட்டித்தான் அவர் இசையை உள்ளிட்டார். மான்செஸ்டரில் சாஃப்ட்வேர் கிரியேஷன்ஸில் டிம் ஃபாலின் இசை, ஸ்டீபன் ரடி டிரைவர். 1990-ல் வந்த சால்ஸ்டிஸ் கேமின் முகப்பு இசையைக் கேட்டால், ஐந்து சேனல்களில்தான் இது நடக்கிறது என்று நம்ப நேரம் பிடிக்கும். மூன்று ஸ்வரங்களை ஒரே சேனலில் நொடியின் அறுபதில் ஒரு பங்குக்கு ஒன்றாகச் சுழற்றி, சேர்ந்து ஒலிப்பதுபோல காட்டும் வித்தை இவர்கள் பக்கம் அதிகம். கமடோர் 64 கணினியின் மூன்றே சேனல்களில் ராப் ஹப்பர்டும் மார்ட்டின் கால்வேயும் அதை முன்பே ஒரு பாணியாகவே வளர்த்திருந்தார்கள். ஜப்பானியர்கள் இதை அவ்வளவாக நாடவில்லை. அவர்கள் ஒரு பல்ஸ் வாசித்ததை இன்னொரு பல்ஸில் சில கணம் தாமதித்து மெலிதாக வாசித்து எதிரொலியை உண்டாக்கினார்கள்.

1989-ல் கேம் பாய். அதன் ஒலி வன்பொருள் உருவாக்கத்திலும் தனாகா இருந்தார். இரண்டு பல்ஸ், 32 புள்ளி அலை வடிவச் சேனல் ஒன்று, இரைச்சல் ஒன்று. உடலில் இருந்த ஒலிபெருக்கி ஒன்றுதான், ஆனால் ஹெட்போன் போட்டால் இடம் வலம் பிரித்துக் கேட்கலாம். அதற்கு வந்த சூப்பர் மரியோ லேண்டின் இசை அவருடையது. டெட்ரிஸின் இசையும் அவர் பொறுப்பு. ஒரு ரஷ்ய நாட்டுப்புறப் பாடல், பாக்கின் மூன்றாவது பிரெஞ்சு சூட்டிலிருந்து ஒரு நடனத் துண்டு, அவரே எழுதிய ஒன்று என்று மூன்று தேர்வுகள். அந்த நாட்டுப்புறப் பாடலை உலகம் முழுக்க இன்று ‘டெட்ரிஸ் பாட்டு’ என்றே சொல்கிறார்கள். அதே ஆண்டு மதர் என்ற கேமுக்கு, ராக் இசைக்கலைஞர் கெய்ச்சி சுசுகியோடு சேர்ந்து வேலை செய்தார். வெளியிலிருந்து வந்த இசைக்கலைஞரும் உள்ளிருந்த பொறியாளரும் சமமாக உட்கார்ந்து ஒரு கேமின் இசையை உருவாக்கியது அங்கே நடந்தது. 1990-ல் டாக்டர் மரியோ.

அதே 1990 நவம்பரில் சூப்பர் ஃபேமிகாம். இதன் ஒலிப் பகுதியை வடிவமைத்தவர் சோனியின் கென் குதராகி, பின்னாளில் பிளேஸ்டேஷனை உருவாக்கிய அதே மனிதர். எட்டு சேனல்கள், எல்லாமே பதிவுசெய்த ஒலியை வாசிப்பவை, தனிச் செயலி, தனி மெமரி. கேட்கத் தாராளமாகத் தெரியும். அந்த மெமரி 64 கிலோபைட். முழுத் தரத்தில் ஒரு நொடி ஒலிக்குச் சுருக்கிய பிறகும் 18,000 பைட் வேண்டும். ஆக, நான்கு நொடிகூட இல்லை. அதற்குள் டிரைவர், இசை, எல்லா வாத்தியங்களும் அடங்க வேண்டும். வன்பொருளிலேயே எதிரொலி உண்டு, ஆனால் அதுவும் இதே மெமரியைத்தான் தின்னும். அதிகபட்ச 240 மில்லிநொடி எதிரொலிக்கு 30 கிலோபைட், கிட்டத்தட்ட பாதி. கோவில் மண்டபம்போல முழங்க வேண்டுமென்றால் வயலினை வெட்ட வேண்டும். ஸ்கொயர் நிறுவனத்தில் நோபுவோ உவேமட்சுவின் மெட்டுகளுக்கு இந்த வெட்டல் ஒட்டல் வேலையைச் செய்தவர் மினோரு அகாவோ. 1994-ன் ஆறாவது ஃபைனல் ஃபேன்டசியில் ஓபரா காட்சியில் வார்த்தையில்லாத குரல்கள் பாடும். அது உவேமட்சுவின் காட்சி என்றே எல்லோரும் எழுதுகிறார்கள். அகாவோவின் காட்சியும்தான்.

சேகாவின் மெகா டிரைவ் பக்கம் யூசோ கொஷிரோ. ஓர் அலையால் இன்னோர் அலையை அசைத்து ஒலி உண்டாக்கும் ஆறு சேனல் எஃப்எம் சிப், அதற்கு வேலை சொல்ல 8 கிலோபைட் மெமரி உள்ள ஒரு இசட்80 செயலி. அவர் என்ஈசியின் பிசி-8801 கணினியில் தனக்கென ஒரு இசை நிரல் மொழியையே செய்துகொண்டார். ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜ் கேம்களின் நடனக்கூட இசை அந்த மொழியில் எழுதியது. மெட்டும் கருவியும் ஒரே கையிலிருந்து வரும்போது என்ன ஆகும் என்பதற்கு, தனாகாவுக்கு அடுத்து நான் காட்டும் ஆள் கொஷிரோதான்.

தொழில் கரைந்தது 1994 டிசம்பரில் பிளேஸ்டேஷன் வந்த பிறகு. 24 சேனல்கள், 512 கிலோபைட் ஒலி மெமரி, அதற்கு மேல் குறுந்தகட்டிலிருந்து நேரடியாகவே இசையை ஓடவிடும் வசதி. ஸ்டுடியோவில் பதிவுசெய்ததை அப்படியே வைக்கலாம் என்று ஆனபின், ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் எண் தேடும் ஆள் தேவைப்படவில்லை. ஒரே ஆளிடம் இருந்த வேலை இசையமைப்பாளர், ஒலி வடிவமைப்பாளர், ஆடியோ புரோகிராமர் என்று பிரிந்தது. இந்தக் கடைசிப் பெயரில் இன்றும் வேலை உண்டு. எதிரி தூரத்தில் இருந்தால் ஒலி எப்படி மங்க வேண்டும், நூறு ஒலிகள் ஒன்றாக வந்தால் எதை விட வேண்டும் என்று எழுதுகிறார்கள். முன்னுரிமைக் கணக்கு இன்னும் சாகவில்லை. ஆனால் பலரும் எஃப்மாட் (FMOD), வைஸ் (Wwise) போன்ற ஆயத்த மென்பொருள்களின் மேல் உட்கார்ந்து செய்கிறார்கள்.

அந்தத் தலைமுறை ஆட்கள் பல வழிகளில் போனார்கள். டேவிட் வைஸ் 2009 வரை ரேரில் இருந்து, பிறகு சுதந்திரமாக இசையமைத்தார். ஃபாலின் 2000களில் துறையை விட்டு விலகினார். தனாகா 1994-ல் மதரின் இரண்டாம் பாகத்திலும் சுசுகியோடு வேலை செய்தார். 1997-ல் போக்கிமான் அனிமே தொடரின் முதல் ஜப்பானிய முகப்புப் பாடலுக்கு மெட்டுப் போட்டார். ஜப்பானில் ஒரு தலைமுறைக்கே மனப்பாடமான பாடல் அது. பற்றவைப்பில் தொடங்கியவர் ஊரே பாடும் பாட்டில் வந்து நின்றார். 1998-ன் கேம் பாய் கேமராவிலும் அவர் கை உண்டு, அதற்குள் சிறியதொரு இசைக் கோர்ப்பானும் இருந்தது. 1990களின் முடிவில் நிண்டெண்டோவை விட்டு, போக்கிமான் சீட்டு விளையாட்டைச் செய்யும் கிரியேச்சர்ஸ் நிறுவனத்துக்குப் போய், 2001-ல் அதன் தலைவரானார். நிர்வாகத்தில் இருந்துகொண்டே ‘சிப் தனாகா’ என்ற பெயரில் மேடையேறத் தொடங்கி, 2017-ல் அந்தப் பெயரில் முதல் தனி ஆல்பம் வெளியிட்டார். அறுபதை நெருங்கும் வயதில்.

நீங்கள் இதை நேரில் உணர ஒரு வழி இருக்கிறது. பழைய கேம்களின் இசை நிரலையும் தரவையும் மட்டும் பிரித்தெடுத்த என்எஸ்எஃப் கோப்புகளை இயக்கும் மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் ஒவ்வொரு சேனலையும் தனியாக அணைக்கலாம். மெட்ராய்டின் ஏதாவதொரு பகுதியை எடுத்து, முதலில் முக்கோணத்தை மட்டும் கேளுங்கள், பிறகு ஒரு பல்ஸ், பிறகு இரண்டு. எழுதியும் பார்க்க ஆசை வந்தால், ஃபேமிகாம் இசை எழுதுவதற்கான ஃபேமிடிராக்கர் என்ற மென்பொருள் போதும். முதல் மெட்டைப் போட்டு முடித்ததும், அதன் மேல் ஒரு குதிக்கும் ஒலியை எந்தச் சேனலில் வைப்பது என்று முடிவு செய்யப் பாருங்கள்.